வாய்க்கால் பாலத்தில் நான் உட்கார்ந்தது

என் மாமாவுக்கு,

உங்கள் தனம்தான். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு நான் ஒரு கடிதம்கூட எழுதியதில்லை. எழுதத் தேவை வரவில்லை. வினோ பிறப்பதற்கு முன்னும் பின்னும் அம்மா வீட்டில் இருந்த சில மாதங்களைத் தவிர நாம் பிரிந்து இருந்ததே இல்லையே. அப்போதும் வாரத்துக்கு இரண்டு தடவை வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பீர்கள். என்ன எழுதுவது?

இப்போது ஒரு செய்தி இருக்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை தேனியில் பத்து கிலோமீட்டர் ஓடினேன். நான்தான். பஸ் கண்ணெதிரே கிளம்பினாலும் ஓடிப் பிடிக்காமல், 'அடுத்த பஸ்ஸு வரும்' என்று நிற்பவள். நாற்பத்தைந்து வயதில் பேண்ட் போட்டு, ஷூ மாட்டி, நெஞ்சில் ஒரு நம்பரைக் குத்திக்கொண்டு ஓடினேன். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்திருப்பீர்கள். சிரித்துவிட்டு, கடைசி வரைக்கும் வண்டியில் பக்கத்திலேயே வந்திருப்பீர்கள்.

ஏன் ஓட ஆரம்பித்தேன் என்று சொல்வதானால் அந்தக் காலையைச் சொல்ல வேண்டும். அது உங்களுக்குத் தெரிந்த காலைதான். ஆனால் நான் உங்களைத் திராட்சைப் பந்தலுக்கடியில் விட்டுப் போன பிறகு பாதையில் நடந்தது உங்களுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாமல்தான் ஒரு வருடம் வைத்திருந்தேன்.

கவாத்து முடிந்து திராட்சை தளிர் விட்டிருந்தது. மருந்து அடிக்க வேண்டும் என்று விடிந்ததும் கிளம்பிப் போனோம். ஆட்கள் எட்டு மணிக்குத்தான் வருவார்கள். ஆறரைக்கு மூணு பேஸ் கரண்ட் வந்தது. மோட்டாரைப் போட்டுவிட்டு வந்தவர், மருந்து டிரம்முக்குப் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்தீர்கள். "தனம், நெஞ்ச அடைக்குது" என்றீர்கள். வாயுவாக இருக்கும் என்று நினைத்தேன். தண்ணீர் கொடுத்தேன், முதுகைத் தடவினேன். அதிலேயே ஐந்தாறு நிமிடம் போயிருக்கும். சட்டை முழுக்க வியர்வையில் நனைந்து, உதடு வெளுத்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

மலையடிவாரம், போனில் டவர் கிடைக்காது. தார் ரோட்டுக்குப் போனால்தான் பேச முடியும். இரண்டு கிலோமீட்டர் மண்பாதை. வண்டி அங்கேயேதான் நின்றது, சாவியும் அதிலேயே இருந்தது. எனக்கு ஓட்டத் தெரியாது. "ஓட்டிப் பழகு தனம்" என்று எத்தனை வருடம் சொன்னீர்கள். "நீங்கதான் இருக்கீகல்ல, எனக்கு எதுக்கு வண்டி" என்று சொன்னவள் நான்.

ஓடினேன். எண்பத்திரண்டு கிலோ உடம்பு, சேலை, ரப்பர் செருப்பு. முதல் வளைவிலேயே செருப்பு வார் பிடுங்கிக்கொண்டது. இரண்டையும் உதறிவிட்டு ஓடினேன். பாதி தூரத்தில் வாய்க்கால் பாலம் வருமே, அங்கே வந்தபோது கண் இருட்டியது. வாயைத் திறந்தால் காற்று உள்ளே போகவில்லை. விலாவில் கத்தியால் குத்துகிற மாதிரி வலி. கால் மடங்கியது.

பாலத்துச் சுவரில் உட்கார்ந்தேன் மாமா.

நீங்கள் அங்கே தனியாகக் கிடக்கும்போது நான் இங்கே உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. வாய்க்காலில் ஒரு தென்னை மட்டை மிதந்து வந்தது. அது பாலத்துக்கு அடியில் நுழைந்து மறுபக்கம் வெளியே வந்ததைப் பார்த்தேன். ஒரு மட்டை போவதைத் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு எனக்கு நேரம் இருந்திருக்கிறது. பிறகு எழுந்தேன். நடந்தேன், ஓடினேன், திரும்ப நடந்தேன். தார் ரோட்டில் பால் வண்டிக்காரரை நிறுத்தி, அவரிடம் நம்பர் வாங்கி ஆட்டோவுக்குப் போன் போட்டேன். அந்த அழைப்பு இன்னும் என் போனில் இருக்கிறது. ஏழு மணி நாலு நிமிடம்.

ஆட்டோவோடு திரும்பி வந்தபோது நீங்கள் ஒருக்களித்துப் படுத்திருந்தீர்கள். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டர் உங்கள் கையைப் பிடித்துப் பார்த்தார். "கொஞ்சம் முன்னாடி" என்று தொடங்கியவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த வாக்கியத்தின் மிச்சத்தை நான்தான் தினமும் சொல்லி முடித்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள், வீடு நிறைய ஆட்கள் இருக்கும்போது உங்கள் அக்கா கேட்டார். "ஒரு ஆளக் கூப்புட இம்புட்டு நேரமாடி? என் தம்பியத் தனியாப் போட்டுட்டு எங்கன போயி உக்காந்திருந்த?"

மதினி ஒரு பேச்சுக்குத்தான் கேட்டார். துக்கத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டார். ஆனால் எனக்கு உயிரே நின்றுவிட்டது. "உக்காரல மதினி. ஓடித்தான் போனேன்" என்றேன். பொய். அத்தனை பேருக்கு முன்னால், உங்கள் படத்துக்கு முன்னால் சொன்ன பொய். மதினி அதன் பிறகு என்னோடு சரியாகப் பேசவில்லை. ஜெயமங்கலத்துக்குப் போனவர், காரியம் முடிந்த பிறகு ஒரு போன்கூடப் போடவில்லை.

தோட்டத்தை விட முடியாதே. வினோவுக்குக் கோயம்புத்தூரில் படிப்பு. நானே தினமும் நடந்து போய்வர ஆரம்பித்தேன். போகும்போதும் வரும்போதும் அந்தப் பாலம். தலையைக் குனிந்துகொண்டு கடந்துவிடுவேன். ஏழாவது மாதத்தில் ஒருநாள், தோட்டத்தில் மருந்து அடிக்கிறவர் காத்திருக்கிறார் என்று கொஞ்சம் எட்டிப்போட்டு நடந்தேன். பாலத்துக்கு வந்ததும் தலை சுற்றியது. கால் தானாக மடங்கி, அதே சுவரில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் போகவிடாமல் அந்த இடம் பிடித்து வைத்திருப்பது அன்றைக்குத்தான் புரிந்தது. ஒரு தடவையாவது இதை நிற்காமல் ஓடிக் கடக்க வேண்டும் என்று தோன்றியது. அதனால் என்ன ஆகிவிடும் என்று யோசிக்கவில்லை. தோன்றியது, அவ்வளவுதான்.

மறுநாள் தலைசுற்றலுக்கு மருந்து வாங்கச் சுகாதார நிலையத்துக்குப் போனபோது நர்ஸ் ஷீபாவைப் பார்த்தேன். உங்களுக்குத் தெரியாது, நீங்கள் போன பிறகு நம் ஊருக்கு மாற்றலாகி வந்தவள். குமுளிக்காரி, கம்பத்தில் வாக்கப்பட்டவள். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவள். கல்லூரியில் ஓட்டப் பந்தயத்துக்குப் போனவளாம். இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் சோதித்துவிட்டு, "சேச்சி, எட்டுதான் இருக்கு. இத வெச்சுக்கிட்டு எப்படி நடமாடுறீங்க?" என்றாள்.

"நான் ஓடணும்" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "எவ்வளவு தூரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"ரெண்டு கிலோமீட்டரு."

மாத்திரையை அவள் குளிகை என்பாள். மூன்று மாதம் குளிகை, கீரை, பேரீச்சம்பழம், தினமும் நடை. அதற்குப் பிறகுதான் ஓட்டம் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். நீங்கள் வாங்கிவந்த சத்து மாத்திரைகளை அலமாரியில் பூட்டி வைத்தவள், அவள் சொன்னதற்காக ஒரு நாள் தவறாமல் விழுங்கினேன். உங்கள் பேச்சை ஏன் கேட்கவில்லை மாமா? கேட்டிருந்தால் அன்றைக்குப் பாலத்தில் கண் இருட்டியிருக்குமா?

மூன்று மாதம் கழித்து ஓட்டம் தொடங்கியது. ஓட்டம் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. பாதையோரத்துக் கரண்ட் கம்பங்கள்தான் கணக்கு. ஒரு கம்பம் ஓட வேண்டும், இரண்டு கம்பம் நடக்க வேண்டும். முதல் நாள் முதல் கம்பத்தை எட்டுவதற்குள் நாக்கு வறண்டு, நெஞ்சு காதுக்குள் அடித்தது. செத்துப்போவேன் என்று நினைத்தேன். நினைத்ததும் ஒரு நிம்மதி வந்தது. அதையும் உங்களிடம் மறைக்கவில்லை.

உடம்பு ஒவ்வொன்றாகத் தடுத்தது. முழங்காலுக்குக் கீழே முன் எலும்பு தொட முடியாத அளவு வலித்தது. கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது. தொடை உரசிப் புண்ணானது. ஓடும்போது சிறுநீர் கசிந்தது மாமா. வினோ பிறந்ததிலிருந்தே தும்மினால் இருமினால் அப்படித்தான். உங்களிடம்கூடச் சொன்னதில்லை. அதை ஷீபாவிடம் சொல்ல எனக்கு இரண்டு வாரம் ஆனது. அவள் ரொம்பச் சாதாரணமாக, "பிரசவம் ஆன பாதிப் பேருக்கு உண்டு சேச்சி. யாரும் சொல்றதில்ல" என்று, உட்கார்ந்தபடியே செய்கிற ஒரு பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தாள். சொல்லிவிட்டால் பாதி பாரம் இறங்குகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆனால் இன்னொன்றை மட்டும் சொல்ல முடியவில்லை.

வினோ ஷூ வாங்கி அனுப்பினாள். வாழ்க்கையில் முதல் ஷூ. தன்னுடைய பழைய சுடிதார்களையும் அனுப்பி, "சேலையோட ஓடாதம்மா, தடுக்கி விடும்" என்றாள். அதைப் போட்டுக்கொண்டு தெருவைத் தாண்டுவது இரண்டு கிலோமீட்டரைவிடத் தூரமாக இருந்தது. டீக்கடையில் பேச்சு நின்று, நான் கடந்த பிறகு தொடங்கும். ஒருத்தி என் காதில் விழட்டும் என்றே சொன்னாள்: "புருசன் போயி வருசம் திரும்பல. பேண்ட மாட்டிக்கிட்டு ஓடுறா பாரு." அன்றைக்குப் பாதியில் திரும்பி வந்து, உங்கள் சட்டைகள் இருக்கிற பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் இன்னும் விடிவதற்கு முன்னால் கிளம்பினேன். ஒரு வாரம் அப்படி ஒளிந்து ஒளிந்து ஓடினேன். அப்புறம் அலுத்துப்போய், வழக்கமான நேரத்துக்கே போனேன். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் அலுத்துவிட்டது.

பாலம்தான் அலுக்கவில்லை. மூச்சு பழகியது, கால் பழகியது, மூன்று கம்பம் ஓடினேன், ஐந்து கம்பம் ஓடினேன். பாலத்துக்கு வந்தால் மட்டும் நின்றுவிடுவேன். மூச்சு வாங்காது, வலி இருக்காது, கால் நிற்கும். மறுபக்கம் பார்த்துக்கொண்டு ஓடிப் பார்த்தேன். பாலத்திலிருந்தே தொடங்கிப் பார்த்தேன். திரும்பி வரும்போது அங்கேயே நின்றேன். ஒருநாள் என்னோடு ஓடிவந்த ஷீபா, "மூச்சு இருக்கு, காலும் சரியா இருக்கு. அப்புறம் என்ன சேச்சி இங்க?" என்று கேட்டாள். வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் மறுபடி கேட்கவில்லை. "ரொம்ப வேகம் வேண்டாம். பேச முடியற வேகத்துல ஓடுங்க" என்றாள்.

பேச யார் இருக்கிறார்கள்? நீங்கள்தான். மறுநாள் தனியாக ஓடும்போது வாய்விட்டே பேசினேன். "மாமா, மூணாவது வரிசையில கம்பி தொய்ஞ்சு கெடக்கு. இறுக்கிக் கட்ட ஆளு சொல்லியிருக்கேன். மருந்துக் கடைக்காரரு புதுசா ஒண்ணு குடுத்தாரு, எனக்கு என்னமோ நம்பிக்கையில்ல. வினோ வந்தா கோழி அடிக்கணும். அவ மெலிஞ்சு போயிட்டா." இப்படி ஒன்று விட்டு ஒன்று சொல்லிக்கொண்டே வந்தேன். வாழைத்தோப்பு வந்ததும்தான் கவனித்தேன். பாலம் எனக்குப் பின்னால் வெகுதூரத்தில் இருந்தது.

நின்று திரும்பிப் பார்த்தேன். அழவேண்டும் போலவும் இருந்தது, அழுகை வரவும் இல்லை. மலைக்கு மேலே அப்போதுதான் வெயில் விழுந்தது. தார் ரோடு வரைக்கும் ஓடி முடித்தேன்.

இங்கேயே கடிதத்தை நிறுத்த முடிந்தால் நல்லது. ஆனால் அதற்கு அடுத்த வாரம்தான் எல்லாம் கெட்டது. போனில் நேரம் வைத்து ஓடிப் பார்த்தேன். தோட்டத்திலிருந்து தார் ரோடு வரைக்கும் பதினாலு நிமிடம். அரை நிமிடம் சந்தோஷமாக இருந்தது. அப்புறம் மனம் தானாகக் கழித்துப் பார்த்தது. ஆறரைக்குக் கரண்ட். ஆறு முப்பத்தேழுக்கு உங்களை விட்டுக் கிளம்பியிருப்பேன். ஏழு நாலுக்குப் போன். இருபத்தேழு நிமிடம். இதே பாதை, இதே கால். பதிமூன்று நிமிடத்தை நான் எங்கே போட்டேன்?

அதன் பிறகு ஓட்டம் தேறத் தேற அந்த நிமிடங்களும் கூடின. பதிமூன்றரையில் ஓடிய அன்றைக்கு இன்னும் அரை நிமிடம் சேர்ந்தது. ஒவ்வொரு நாளும் நன்றாக ஓடி, ஒவ்வொரு நாளும் உங்களை இன்னும் கொஞ்சம் முன்னாலேயே காப்பாற்றியிருக்கலாம் என்று தெரிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். ஒருநாள் ஷூவைக் கழற்றிப் பரணில் போட்டேன். மூன்று வாரம் தொடவில்லை.

ஷீபா தேடிக்கொண்டு வீட்டுக்கே வந்தாள். அவளிடம்தான் முதலில் கேட்டேன். உட்கார்ந்ததைச் சொல்லவில்லை, இதை மட்டும் கேட்டேன். "நான் பதினாலு நிமிசத்துல போயிருந்தா அவுக பொழச்சிருப்பாகளா?"

அவள் என் எதிரே தரையில் உட்கார்ந்தாள். "தெரியாது சேச்சி. பிழைச்சிருக்கலாம். இல்லாமலும் போயிருக்கலாம். ஆறுதலுக்காக ஒண்ணு சொல்லிட்டுப் போக எனக்கு மனசு வரல."

என் கையைப் பிடித்து இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள், முதல் நாள் பார்த்த மாதிரியே. "ஆனா ஒண்ணு. அன்னிக்கு ஓடினது இந்த ஆளு இல்ல. ரத்தம் எட்டு இருந்த ஆளு. அந்த உடம்புக்கு அவ்வளவுதான் முடியும்."

அவள் சொன்னது சரி. சரி என்று தெரிந்தும் மனம் ஏற்கவில்லை. இன்றைக்கும் முழுதாக ஏற்கவில்லை. ஆனால் ஓடாமல் இருந்த மூன்று வாரமும் ஆறரை மணி ஆனால் வீட்டுக்குள் என்னால் இருக்க முடியவில்லை. அடுப்படியில் நின்றால் மோட்டார் சத்தம் கேட்கிற மாதிரியே இருக்கும். அதற்குப் பாதையே மேல் என்று பரணிலிருந்து ஷூவை எடுத்தேன்.

நான் மறுபடி ஓடத் தொடங்கிய பத்தாவது நாளோ என்னவோ, தோட்டத்திலிருந்து திரும்பி ஓடி வருகிறேன். பாலத்துச் சுவரில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். கிட்டே வந்ததும்தான் தெரிந்தது. உங்கள் அக்கா. காலைப் பரப்பிக்கொண்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தார். முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார். வீட்டில் நான் இல்லை. ஆட்டோவும் கிடைக்காமல் நடந்தே வந்திருக்கிறார்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "என்னடி கோலம் இது? ஜெயமங்கலம் வரைக்கும் பேச்சு வந்துருச்சு. நேர்லயே கேட்டுருவோம்னுதான் வந்தேன்."

அதற்கு மேல் பேச அவருக்கு மூச்சு இல்லை. முழங்காலைப் பிடித்து விட்டுக்கொண்டார். கொஞ்சம் கழித்து, "இன்னும் எம்புட்டுத் தூரம்?" என்றார்.

"பாதிதான் வந்திருக்கீக மதினி."

தோட்டத்துப் பக்கம் பார்த்தார். திரும்பி, வந்த வழியைப் பார்த்தார். "எப்பயும் என் தம்பி வண்டியில கொண்டாந்து எறக்கிவிட்டுருவான். கண்ண மூடித் தெறக்குறதுக்குள்ள வந்துரும். இம்புட்டுத் தூரம்னு எனக்குத் தெரியாது." அப்புறம் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "இதுலயா ஓடின அன்னைக்கு?"

"ஆமா மதினி."

"செருப்பு இல்லாம."

"அந்துபோச்சு."

அவர் என் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை. "மதினி, மூணாம் நாளு நீங்க கேட்டது நெசந்தான். நான் உக்காந்தேன். இப்ப நீங்க உக்காந்திருக்கீகள்ல, இங்கனதான்" என்றேன்.

சுவரில் ஊன்றியிருந்த கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டார். அடிப்பார் என்றுதான் நின்றேன். அடித்திருந்தால் வாங்கியிருப்பேன். "எம்புட்டு நேரம்?" என்றார்.

"தெரியல மதினி. சத்தியமாத் தெரியல."

வாய்க்காலில் தண்ணீர் குறைவாகத்தான் போனது. அதைப் பார்த்தபடியே கேட்டார். "நீயாப் போனியா, அவன் போகச் சொன்னானா?"

"அவுகதான் போகச் சொன்னாக."

"கடைசியா என்ன சொன்னான்?"

ஒரு வருடத்தில் இதை யாரும் என்னிடம் கேட்டதில்லை மாமா. எத்தனை மணிக்கு, எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர், முன்னாலேயே வலி இருந்ததா என்று எல்லாவற்றையும் கேட்டார்கள். இதைக் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. சொல்லிவிட்டால் அது என்னிடம் இல்லாமல் போய்விடும் என்று பயந்து வைத்திருந்தேன்.

"'மெதுவாப் போ தனம், விழுந்துறாத'ன்னாக."

மதினி முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. நான் கிட்டே போகவில்லை. போகிற உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சின்னப் புள்ளையிலயும் அப்படித்தான். நான் குடத்தத் தூக்கினா பின்னாடியே வருவான். அக்கா மெதுவா, அக்கா மெதுவான்னுக்கிட்டு" என்றார். அப்புறம் அவர் சொன்னதை இங்கே அப்படியே எழுதுகிறேன். "எனக்கு என் தம்பி வேணும்டி."

"எனக்கும் வேணும் மதினி."

அவர் சுவரில் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். "உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். இரண்டு பேரும் எவ்வளவு நேரம் அழுதோம் என்று தெரியாது. அவர் என்னை மன்னித்தேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. தோட்டத்துக்கு வர அன்றைக்கு அவரால் முடியவில்லை. திரும்பிப் போகும்போது என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நடந்தார். தார் ரோட்டில் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்து, "துப்பட்டாவக் குறுக்காலக் கட்டிக்கிட்டு ஓடு. முள்ளுல மாட்டும்" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வாரம் ஒருமுறை போன் வருகிறது. அதிகம் பேசுவதில்லை. திராட்சை எப்படி இருக்கிறது, வினோ சாப்பிடுகிறாளா, இவ்வளவுதான். வைக்கும்போது இரண்டு பேருக்குமே வைக்க மனம் வருவதில்லை.

தேனி ஓட்டத்துக்கு என் பேரைக் கொடுத்தது ஷீபா. பத்து கிலோமீட்டர் என்றதும் முடியாது என்றேன். தேனிக்குப் போய்வருகிற செலவு, தோட்ட வேலை, மழை வரும் என்று எல்லாக் காரணமும் சொன்னேன். "ரெண்டு கேட்ட ஆளுதானே நீங்க" என்றாள். வினோ கோயம்புத்தூரிலிருந்து வந்துவிட்டாள். காலையில் அத்தனை இளம்பிள்ளைகளுக்கு நடுவே நின்றபோது, வீட்டுக்குப் போய்விடலாம் என்று இருந்தது. யாரும் என்னைப் பார்க்கவில்லை. அதுவே பெரிய உதவி.

ஐந்து கிலோமீட்டர் வரை ஷீபா கூடவே வந்தாள். அப்புறம் அவளை முன்னால் போகச் சொல்லிவிட்டேன். உங்களோடு பேச வேண்டியிருந்தது. ஏழு தாண்டியதும் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. எட்டாவது கிலோமீட்டரில் அடி வைக்க முடியவில்லை. வயதானவர்கள்கூட என்னைத் தாண்டிப் போனார்கள். முன்பென்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நொண்டியிருப்பேன்.

ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்தேன். எல்லோரும் பார்க்க, பட்டப்பகல் வெளிச்சத்தில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுக்கிற பெண் ஓடிவந்து, "என்னம்மா, முடியலையா? வண்டி கூப்புடவா?" என்றாள்.

"வேணாம்த்தா. கொஞ்சம் உக்காந்துட்டு வாரேன்" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் குரல் என் காதில் விழுந்தது. அதில் பொய் இல்லை, பதற்றம் இல்லை. கெண்டைக்காலை நீவி விட்டேன், தண்ணீர் குடித்தேன், எழுந்தேன். மிச்சத்தைப் பாதி நடந்தும் பாதி ஓடியும் முடித்தேன். எனக்குப் பின்னால் நாலைந்து பேர்தான் இருந்திருப்பார்கள். வினோ கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதாள். அவள் உங்கள் மாதிரியே சத்தமில்லாமல் அழுகிறாள், கவனித்திருக்கிறீர்களா? சுற்றிலும் எல்லோரும் யாருக்காவது போன் போட்டு, முடித்துவிட்டேன் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சொல்ல இருக்கிற ஒரே மகள் பக்கத்திலேயே நின்றாள். முதலில் சொல்ல வேண்டிய நீங்கள்தான் இல்லை. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

நான் தேறிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அந்தப் பதிமூன்று நிமிடத்தை இனிமேல் எண்ண மாட்டேன் என்று சத்தியம் செய்ய எனக்குத் தைரியமில்லை. எண்ணுவேன். சில நாள் அந்த நிமிடங்கள் என்னை நடுப்பாதையில் நிறுத்தும். உங்களைப் பந்தலுக்கடியில் அப்படி விட்டுப் போனதற்கு யாரிடம் போய் மன்னிப்புக் கேட்பது என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை.

என்னால் கொடுக்க முடிந்த வாக்கு ஒன்றுதான். நாளைக் காலையும் ஓடுவேன். முடியாத இடத்தில் உட்காருவேன். உட்கார்ந்ததை இனி யாரிடமும் மறைக்க மாட்டேன். எழுந்து, விழாமல், மெதுவாகத்தான் வருவேன் மாமா.

உங்கள் வீட்டுக்காரி,
வினோவின் அம்மா,
தனம்